பருக்குழிக்கு எந்த லேசர்? ஓராண்டு கழித்துப் பார்த்தால் தெரிவது

லேசர் செய்த நான்காவது வாரம் எடுத்த படத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். அந்த நேரத்தில் தோலுக்குள் மிச்சமிருக்கும் லேசான வீக்கம் பாதிக் குழிகளை நிரப்பிக் காட்டும். இரண்டாம் மாதம் அது வடிந்ததும், 'பழையபடி பள்ளம் விழுந்துவிட்டதே' என்று பதறிப்போகிறவர்கள் நிறையப் பேர். தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் புதிதாக உருவாகி இறுகுவது மெதுவாக நடக்கும் வேலை. மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை மாற்றம் தெரியும், சிலருக்கு ஓராண்டு வரை நீளும். அதனால் கீழே சொல்லியிருப்பதெல்லாம் முதல் வாரம், மூன்றாம் மாதம், ஓராண்டு என்ற கணக்கில்தான். அதிலும் மாநிறம் முதல் கறுப்பு வரையிலான நம் தோலுக்கு, அதாவது தோலை வெள்ளை முதல் கறுப்பு வரை 1 முதல் 6 எனப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் 4, 5 வகைத் தோலுக்கு, பருவால் விழுந்த குழிகளை மட்டும் மனதில் வைத்துச் சொல்வது. வெள்ளைத் தோலுக்கு எழுதிய விமர்சனங்களைப் படித்துவிட்டு இங்கே மெஷினைத் தேர்வு செய்தால் தப்பாகத்தான் போகும்.

லேசரைத் தேர்வு செய்வதற்கு முன்னால் குழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். இருட்டறையில் கண்ணாடி முன் நின்று, டார்ச்சைக் காதோரமாகப் பிடித்துப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியது போல 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த வாயுள்ள ஆழமான துளைகள் ஒரு வகை. ஓரம் செங்குத்தாக வெட்டியது போல, 1.5 முதல் 4 மில்லிமீட்டர் அகலத்தில் தட்டையான அடியோடு இருப்பவை இரண்டாவது வகை. அலை அலையாக மேடும் பள்ளமுமாக, கன்னத்தை விரலால் இழுத்தால் மறைந்துபோகிறவை மூன்றாவது. லேசர் நன்றாகக் கேட்பது இரண்டாவது வகைக்குத்தான், அதுவும் ஆழம் குறைவாக இருந்தால். ஊசித் துளையின் அடிவரை, புள்ளி புள்ளியாகச் சுடும் எந்த ஃப்ராக்ஷனல் லேசரும் ஒழுங்காகப் போய்ச் சேராது. அதற்கு ஒவ்வொரு துளைக்குள்ளும் குச்சி முனையால் 70 முதல் 100 சதவீத ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தைத் தொட்டு வைக்கும் 'க்ராஸ்' முறை உண்டு. அலைப் பள்ளங்களைக் கீழிருந்து நார்கள் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கின்றன. தோலுக்கடியில் ஊசியை விட்டு அந்த நார்களை அறுக்கும் சப்சிஷன் செய்யாமல் மேலே எத்தனை முறை சுட்டாலும் பள்ளம் எழும்பாது. பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: மூன்று வகையும் கலந்திருக்கும் முகத்துக்கு ஒரே லேசரில் ஆறு சிட்டிங் பேக்கேஜ் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.

பரு ஆறிய இடத்தில் தட்டையாக இருக்கும் கரும்புள்ளி குழியே அல்ல. அதற்கு லேசர் தேவையில்லை. சன்ஸ்கிரீனும், ரெட்டினாய்டு அல்லது அசெலாயிக் ஆசிட் கிரீமும், சில மாதப் பொறுமையும் போதும்.

தோலைப் புதுப்பிக்கும் முக்கிய லேசர்கள் எல்லாம் தோலிலுள்ள தண்ணீரைத்தான் சூடாக்குகின்றன. வித்தியாசம் சுற்றுப்புறத்துக்கு எவ்வளவு சூடு கசிகிறது என்பதில் இருக்கிறது. 10,600 நானோமீட்டர் கார்பன் டை ஆக்சைடு லேசர் தோல் திசுவை ஆவியாக்கிவிட்டு, சுற்றிலும் ஒரு வெந்த விளிம்பையும் விட்டுவைக்கும். 2,940 நானோமீட்டர் எர்பியம் யாக் லேசரைத் தண்ணீர் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் உறிஞ்சுவதால் வெட்டு சுத்தமாக விழும், வேகும் விளிம்பும் மெல்லியது. 1,550 நானோமீட்டர் எர்பியம் கிளாஸ் எதையும் ஆவியாக்காது. மேல்தோலை மூடியபடியே விட்டு, உள்ளே நூல் நூலாக வேகவைக்கும். முகம் முழுக்கச் சுடாமல் புள்ளிகளாகச் சுட்டு, இடையில் நல்ல தோலை விட்டுவைத்தால் சீக்கிரம் ஆறும் என்ற ஃப்ராக்ஷனல் யோசனையை டீட்டர் மான்ஸ்டைன், ராக்ஸ் ஆண்டர்சன் குழுவினர் 2004இல் வெளியிட்டார்கள். நம் தோலுக்கு ஆழமான லேசர் சிகிச்சை ஓரளவு துணிந்து செய்யக்கூடியதானது அதற்குப் பிறகுதான்.

அதற்கு முந்தைய, மேல்தோலை முழுக்க உரித்தெடுக்கும் கார்பன் டை ஆக்சைடு முறையை நம் நிறத்துக்கு வேண்டாம் என்றே சொல்வேன். முதல் மாதக் கருமையைக்கூட மருந்தால் சமாளிக்கலாம். ஆறு மாதம், ஓராண்டு கழித்து மெல்லத் தலைகாட்டும் வெளிறல்தான் ஆபத்து. நிறமிச் செல்களின் இருப்பே குறைந்துபோவதால் வருவது அது. பெரும்பாலும் நிரந்தரம். தாடைக்கோட்டில் இரண்டு நிறம் சந்திக்கும் கோடு விழுந்துவிட்டால் அதை மறைப்பது கஷ்டம்.

ஃப்ராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடுதான் தமிழ்நாட்டுக் கிளினிக்குகளில் பரவலாகக் கிடைப்பது. ஒரு சிட்டிங்கில் கிடைக்கும் பலனும் மற்றவற்றைவிட இதில் கூடுதல். முதல் நாள் முகம் வெயிலில் வெந்தது போல எரியும். 24 முதல் 48 மணி நேரம் நீர் கசியும். இரண்டாம், மூன்றாம் நாள் காலையில் கண்ணைச் சுற்றி வீங்கும். பிறகு காப்பித்தூள் ஒட்டியது போல் புள்ளிப் பொருக்கு உருவாகி, 5 முதல் 7 நாளில் தானாக உதிரும். அப்போது தெரியும் இளஞ்சிவப்புத் தோலைப் பார்த்து எல்லோருக்கும் சந்தோஷம். மூன்றாவது வாரம்தான் சோதனை: கட்டம் கட்டமாகவோ கன்னம் முழுக்கவோ கருமை படரலாம். 8 முதல் 12 வார இடைவெளியில் இரண்டு மூன்று சிட்டிங் முடித்து ஓராண்டு கழித்துப் பார்த்தால், ஆழமில்லாத குழிகள் பாதிக்குப் பாதி குறைந்திருந்தால் அது நல்ல விளைவு. முழுக்க மறையும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தக் கருமை ஏன் ஒருவருக்கு வருகிறது, இன்னொருவருக்கு வருவதில்லை? மெஷினின் பிராண்டைவிட முக்கியமானது அடர்த்தி. ஒவ்வொரு புள்ளியிலும் கொடுக்கும் சக்தி ஆழத்தைத் தீர்மானிக்கிறது. புள்ளிகள் எவ்வளவு நெருக்கம் என்பது மேல்தோலில் எத்தனை சதவீதம் காயமாகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. நம் தோல் ஆழத்தைத் தாங்கிக்கொள்ளும், நெருக்கத்தைத் தாங்காது. அதனால் சக்தியைக் கூட்டி, அடர்த்தியை 5 முதல் 10 சதவீதத்துக்குள் வைத்து, சிட்டிங்கை அதிகமாக்குவது பாதுகாப்பான வழி. ஒரே இடத்தில் அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை ஓட்டினால் சூடு ஆற நேரமில்லாமல் தோல் மொத்தமாக வேகும். கன்னத்தை முடித்து நெற்றிக்குப் போய்விட்டு, ஆறிய பிறகு கன்னத்துக்குத் திரும்புகிற கை நல்ல கை. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு: எத்தனை மில்லிஜூல் சக்தி, எத்தனை சதவீத அடர்த்தி, எத்தனை பாஸ், அதாவது ஒரே இடத்தில் எத்தனை முறை ஓட்டுவது. பதிலை ஃபைலில் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த சிட்டிங்கை வேறு டாக்டர் செய்தாலும் அந்தக் குறிப்பு உதவும்.

ஃப்ராக்ஷனல் எர்பியம் யாக்கில் வெந்த விளிம்பு மெல்லியது என்பதால் ரத்தக்குழாய் அடைபடாமல் புள்ளி ரத்தம் கசியும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் கெடுதல் இல்லை. சிவப்பு சீக்கிரம் அடங்கும், கருமைக்கான வாய்ப்பும் குறையும். சூடு குறைவதால் தோல் இறுகுவதும் குறைவு. செங்குத்து ஓரமுள்ள குழிகளின் விளிம்பைச் சீவி மட்டப்படுத்த இது மிக நல்லது.

1,550 நானோமீட்டர் லேசரை அவசரமில்லாதவர்களுக்குச் சொல்வேன். காயம் திறந்திருக்காது, நீர் கசியாது. இரண்டு மூன்று நாள் சிவப்பும் வீக்கமும். அதன்பின் தோல் செம்புநிறமாகி, தடவினால் உப்புத்தாள் போல் சொரசொரத்து, ஒரு வாரத்தில் உதிரும். அதைத் தேய்த்து எடுக்கக்கூடாது. நான்கு வார இடைவெளியில் 4 முதல் 6 சிட்டிங் வேண்டும். மூன்றாம் மாதத்தில் 'ஒன்றுமே ஆகவில்லை' என்று தோன்றும், ஓராண்டுப் படத்தைப் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் புரியும். 2012இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், ஆவியாக்கும் ஃப்ராக்ஷனல் லேசர்களுக்கு 26 முதல் 83 சதவீதமும், ஆவியாக்காதவற்றுக்கு 26 முதல் 50 சதவீதமும் முன்னேற்றம் பதிவானது. அந்த 83ஐப் பார்த்து மயங்காமல் கீழ் எண்ணைப் பாருங்கள், இரண்டுக்கும் ஒன்றுதான்.

மிக நுண்ணிய நேரத் துடிப்புகளாக ஒளியைப் பாய்ச்சும் பிக்கோ லேசர் விளம்பரத்தில் எல்லாவற்றையும் முந்தி நிற்கிறது. லென்ஸ் வழியாகக் குவித்த ஒளி தோலுக்குள் நுண்ணிய குமிழ்களை உண்டாக்கி, அந்தக் காயம் வழியாகக் கொலாஜனைத் தூண்டுகிறது. ஓரிரு நாளில் வேலைக்குப் போகலாம், கருமையும் குறைவு. தழும்போடு கறையும் கலந்த முகத்துக்கு ஏற்றது. ஆழமான குழிக்கு இதை மட்டும் நம்பினால் ஏமாற்றம். லேசர் அல்லாத, நுண்ணூசிகள் வழியாக ரேடியோ அலைச் சூட்டைச் செலுத்தும் மைக்ரோநீடில் ரேடியோஃப்ரீக்வென்சியையும் கணக்கில் சேருங்கள். அடிப்பகுதிக்குக் காப்பு போட்ட ஊசியில் முனை மட்டும் சுடுவதால் மேல்தோல் தப்பிக்கிறது. 5 வகைத் தோலுக்கு, கருமை பயம் அதிகமென்றால், நான் முதலில் யோசிக்கச் சொல்வது இதைத்தான்.

மங்கு உள்ள கன்னத்தில் இவற்றில் எதையும் அவசரப்பட்டுச் செய்யக்கூடாது, சூடு மங்கைக் கிளப்பிவிடும். புதுப் பரு வந்துகொண்டிருக்கும்போதும் வேண்டாம். பருவுக்கான ஐசோட்ரெடினாயின் மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்ற பழைய விதியை, ஃப்ராக்ஷனல் லேசர்களுக்குப் போதிய ஆதாரமில்லை என்று 2017இல் நிபுணர்கள் தளர்த்தினார்கள். முழுக்க உரிக்கும் முறைக்கு அந்த எச்சரிக்கை அப்படியே இருக்கிறது. உதட்டோரம் அக்கி போல் கொப்புளம் வந்த வரலாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அசைக்ளோவிர் வகை மாத்திரையை முந்தின நாளே தொடங்கி, தோல் மூடும்வரை தருவார்கள். கீலாய்டு, அதாவது காயத்தின் எல்லையைத் தாண்டித் தடித்து வளரும் தழும்பு, வரும் குடும்பம் என்றால் அதையும் மறைக்காதீர்கள்.

பராமரிப்பில் நம் ஊருக்கே உரிய தவறுகள் சில. மஞ்சள், சந்தனம், எலுமிச்சை எதுவும் திறந்த காயத்தில் படக்கூடாது. முதல் இரண்டு நாள் சலைனில் நனைத்த துணியைப் பத்து நிமிடம், நாளைக்கு நான்கு முறை வைத்து, மெல்லிசாக வெள்ளை வாஸ்லைன் பூசினால் போதும். சித்திரை வெயிலில் அதைக் கனமாக அப்பினால் வியர்க்குருவும் பருவும் கிளம்பும். முடிந்தால் ஏப்ரல், மே மாதங்களைத் தவிர்த்துவிட்டுக் கார்த்திகை, மார்கழியில் செய்துகொள்ளலாம். ஹெல்மெட் பட்டையும் கன்னத் திண்டும் உரசும் இடத்தில் கருமை வரும் வாய்ப்பு அதிகம், இரண்டு வாரம் பைக் வேண்டாம். தோல் மூடியதும் இரண்டு விரல் நீளத்துக்கு எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன், வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. நிறம் சேர்த்த, இரும்பு ஆக்சைடு உள்ளதாக வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியும்கூட நம் தோலைக் கருக்கும், நிறமில்லாத சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை. கல்யாணத்துக்காகச் செய்வதென்றால் கடைசி சிட்டிங்குக்கும் முகூர்த்தத்துக்கும் இடையில் நான்கு மாதமாவது இருக்கட்டும்.

கருமை வந்துவிட்டால் மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த கிரீம் வாங்கிப் பூசாதீர்கள். இரண்டு வாரத்தில் வெளுக்கும், சில மாதத்தில் தோல் மெலிந்து ரத்தநாளம் தெரியும். டாக்டர் தரும் ஹைட்ரோகுவினோனோ அசெலாயிக் ஆசிட்டோ போட்டால், பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு மாதத்தில் கலையும். மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் கூடினாலோ, கொத்தாகக் கொப்புளமோ மஞ்சள் நீரோ வந்தாலோ அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும். தாடையோரம் ஓரிடம் மட்டும் வாரக்கணக்கில் சிவந்து கட்டிப்பட்டால் அது தடித்த தழும்பின் தொடக்கம், அதையும் தள்ளிப்போடக்கூடாது.

கடைசி சிட்டிங் முடிந்து ஆறாம் மாதம், முதல் நாள் எடுத்த அதே பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து ஒப்பிடுங்கள். மிச்சமிருப்பது ஊசித் துளைகள் மட்டும் என்றால் லேசரை நிறுத்திவிட்டு க்ராஸுக்குப் போங்கள். இழுத்தால் மறையும் பள்ளங்கள் என்றால் சப்சிஷன். ஓரம் மழுங்கி அடி மேலேறியிருக்கும் குழிகள்தான் மிச்சம் என்றால் மட்டும் அதே லேசரில் இன்னும் ஒரு சிட்டிங், அதே அடர்த்தியில்.