துப்பாக்கியை யார் கையில் கொடுப்பது? அவசரகால மலாயாவின் மூன்று வழிகள்

கோலாலம்பூரில் புடு சிறை இருந்த இடத்தில் இன்று பேரங்காடி நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குத் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியின் நினைவு வரும். துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று அவரை அங்கே தூக்கிலிட்டார்கள். மலாயாவை (இன்றைய தீபகற்ப மலேசியா) ஆண்ட பிரிட்டிஷ் அரசாங்கத்தை எதிர்த்து, பெரும்பாலும் சீனர்களான கம்யூனிஸ்டுகள் காட்டிலிருந்து ஆயுதக் கிளர்ச்சி நடத்திய அவசரகாலம் அது. அதே ஆண்டுகளில்தான், அந்தக் கிளர்ச்சியை எதிர்க்க உள்ளூர் ஆட்கள் துப்பாக்கி ஏந்த முன்வர வேண்டும் என்று அரசாங்கம் ஆள் தேடி அலைந்தது.

முதல் வழி சம்பளம். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டதும், தோட்டங்களையும் சுரங்கங்களையும் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களை எடுத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வேகமாகச் சேர்ந்தார்கள். ஆனால் பெரும்பாலும் மலாய்க்காரர்கள், பயிற்சியும் குறைவு. காட்டோரத்துச் சீனக் குடியிருப்புக்கு அது அடுத்தவர் படையாகவே தெரிந்தது.

இரண்டாவது வழி கட்டாயம். 1950 டிசம்பரில் ஆள்சேர்ப்பு விதிகள் வந்தன. சீன இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் சிங்கப்பூருக்கும் சீனாவுக்கும் போய்விட்டார்கள். மூன்றில் படுதோல்வி இதுதான்.

மூன்றாவது ஊர்க்காவல். சட்டப்படி இதிலும் கட்டாயம் இருந்தது. ஆனால் காத்தது சொந்த வாசலை. கிளர்ச்சியாளர்களிடமிருந்து காட்டோர மக்களைப் பிரிக்க வந்த பிரிக்ஸ் திட்டத்தில் சுமார் 500,000 பேரைப் புதுக்கிராமங்களுக்கு மாற்றியபின், அவர்களை அடைத்த முள்வேலிக்கு அவர்களையே காவல் நிற்கச் சொன்னார்கள். எப்படி மனம் வரும்? இரவில் வேலியோரம் நின்றவர், விடியுமுன் தனியாக ரப்பர் மரம் சீவப் போக வேண்டும். அவர் பெயர், வீடு, பிள்ளைகள் எல்லாம் கிளர்ச்சியாளர்களுக்கு ஊருக்குள்ளிருந்து உதவிய மின் யுவென் அமைப்பின் ஆட்களுக்குத் தெரியும். அந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று யாரும் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

1952இல் பிரிட்டிஷ் ஹைகமிஷனராக வந்த டெம்ப்ளர் சீனர் ஊர்க்காவலிடமும் துணிந்து துப்பாக்கிகளை ஒப்படைத்தார். அவற்றில் காட்டிலிருந்த கிளர்ச்சியாளர்களிடம் போய்ச் சேர்ந்தவை சொற்பமே. அதே ஆண்டு குடியுரிமை விதிகளும் தளர்ந்தன. என் கணிப்பில் துப்பாக்கியைவிடக் கனமானது இதுதான். 1948 கூட்டரசு ஒப்பந்தத்தில் சீனரிலும் நம்மவரிலும் பெரும்பாலோர் குடிமக்களே இல்லை. யாருடைய நாட்டுக்காக உயிரைக் கொடுப்பது?

ஆனாலும் 1952இல் எல்லா இனத்தவருக்குமாகத் தொடங்கிய கூட்டரசு ரெஜிமெண்ட் என்ற ராணுவப் பிரிவில் சேரச் சீனர் மிகக் குறைவாகவே வந்தார்கள். சொந்த வேலியோரம் நின்றவர்கள், வேறு ஊர்க் காட்டுக்குள் போக அப்போதும் தயாராக இல்லை.