ஒரே ஒரு விந்துப் பரிசோதனையை வைத்து இக்ஸிக்குத் தள்ளுகிறார்கள், கவனமாக இருங்கள்

குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும் தம்பதிகள், அதிலும் "உங்களுக்கு இக்ஸிதான் ஒரே வழி" என்று முதல் சந்திப்பிலேயே சொல்லக் கேட்டவர்கள், கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். இக்ஸி என்பது ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் வைக்கும் முறை. எங்களுக்குத் தேவைப்படாத ஒன்றைத் தேவை என்று சொல்லிச் செய்தார்கள். உண்மையிலேயே தேவைப்பட்டதைச் செய்யாமல் விட்டார்கள். இரண்டுக்கும் ஆதாரம் அவர்கள் ஃபைலிலேயே இருந்தது.

எனக்கு இரண்டு கருக்குழாய்களும் அடைத்திருந்தன. சாய மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயில் அது தெரிந்தது. ஆகவே ஐவிஎஃப் (முட்டையை வெளியே எடுத்து ஆய்வகத்தில் கருவுறச் செய்யும் சிகிச்சை) வேண்டும் என்று டாக்டர் சொன்னதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. குழாய் அடைப்புக்காகத்தான் ஐவிஎஃப் முதலில் உருவானது. 1978இல் பிறந்த முதல் ஐவிஎஃப் குழந்தையின் அம்மாவுக்கும் இதே பிரச்சினைதான். அதன் வழக்கமான முறையில் கருமுட்டையையும் விந்தணுக்களையும் ஒரே கிண்ணத்தில் சேர்த்து வைப்பார்கள். ஏதாவது ஒரு விந்தணு தானாக உள்ளே நுழையும்.

அதே வாரத்தில் என் கணவருக்கும் விந்துப் பரிசோதனை செய்தார்கள். ஒரு மில்லிக்கு 90 லட்சம் என்று வந்தது. டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "சார் பக்கமும் குறை இருக்கு. சாதாரண ஐவிஎஃப் பண்ணினா முட்டை வீணாப் போயிடும். இக்ஸி பண்ணிடலாம், 80 சதவீதம் சக்சஸ்" என்றார். அடுத்த நிமிடமே சிகிச்சை ஆலோசனை சொல்லும் கவுன்சிலரின் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே பேக்கேஜ் விவரம் அச்சடித்துத் தயாராக இருந்தது.

அந்தப் பரிசோதனைக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் என் கணவர் கடும் காய்ச்சலில் படுத்த படுக்கையாகக் கிடந்து எழுந்திருந்தார். "அண்மையில் காய்ச்சல் வந்ததா?" என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். நடுவில் கடும் காய்ச்சல் வந்தால் எண்ணிக்கையும் நகர்வும் விழும். உடம்பு தேறி, புதிய விந்தணுக்கள் உருவானதும் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். அதனால்தான் முதல் அறிக்கை குறைவாக வந்தால், இடைவெளி விட்டு இன்னொரு முறை பார்க்க வேண்டும். மாதிரி கொடுக்கும் முன் 2 முதல் 7 நாள் வரை உறவைத் தவிர்க்க வேண்டும் என்ற அடிப்படை விதியைக்கூட எங்களிடம் சரியாகச் சொல்லவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் வரம்பு ஒரு மில்லிக்கு 1.6 கோடி, நகரும் விந்தணுக்கள் 42 சதவீதம், இயல்பான வடிவம் கொண்டவை 4 சதவீதம். கடைசி எண்ணைப் பார்த்துப் பல ஆண்கள் இடிந்துபோகிறார்கள். 100க்கு 4 நல்ல வடிவத்தில் இருந்தாலே வரம்புக்குள்தான். இந்த எண்களும், ஓராண்டுக்குள் இயற்கையாக அப்பாவான ஆண்களைப் பரிசோதித்து, அவர்களில் மிகக் குறைவாக இருந்த 5 சதவீதத்தினருக்கு மேலே போட்ட கோடுதான். கோட்டுக்குக் கீழே வந்துவிட்டதாலேயே ஒருவரால் அப்பாவாக முடியாது என்று அர்த்தமில்லை.

இதையெல்லாம் சொல்ல வேண்டிய இடத்தில் "குறை" என்ற ஒரே வார்த்தையைச் சொல்லி அனுப்பினார்கள். என் கணவர் அதைத் தலையில் சுமந்துகொண்டு திரிந்தார். உறவினர் யார் எதைக் கேட்டாலும் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார். மையத்தின் மருந்துக்கடையிலேயே விற்ற சத்து மாத்திரைகளை ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கினார். பணம் போனதை நான் ஒருநாள் மறந்துவிடுவேன். இதை மட்டும் அவர்களுக்கு மன்னிக்க மாட்டேன்.

சரி, சிகிச்சைக்கு வருகிறேன். ஊசிகள் போட்டு, ஸ்கேன் பார்த்து, மயக்கம் கொடுத்துக் கருமுட்டைகளை எடுத்தார்கள். 12 வந்தன. இக்ஸியில் முதலில் முட்டையைச் சுற்றியுள்ள செல்களை ஒரு நொதியால் நீக்கிவிட்டு, முட்டை முதிர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். முதிர்ந்தவற்றுக்குத்தான் ஊசி. எங்களுக்கு 9 தேறின. நுண்ணோக்கியின் கீழ் ஒரு கண்ணாடிக் குழாய் முட்டையை அசையாமல் பிடித்துக்கொள்ள, மறுபக்கமிருந்து மயிரிழையைவிட மெல்லிய ஊசி ஒரே ஒரு விந்தணுவை, வாலை அழுத்தி அசைவை நிறுத்திய பிறகு, முட்டைக்குள் கொண்டுபோய் வைக்கும். 16 முதல் 18 மணி நேரம் கழித்து உள்ளே இரண்டு உட்கருக்கள் தெரிந்தால் கருவுற்றது என்று பொருள். எங்களுக்கு 7 கருவுற்றன. ஐந்தாம் நாள் 3 கருக்கள் எஞ்சின. ஒன்றை என் கருப்பையில் வைத்தார்கள், இரண்டை உறைய வைத்தார்கள். வைத்தது தங்கவில்லை.

"80 சதவீதம் என்றீர்களே?" என்று கேட்டதற்குக் கவுன்சிலர் ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். 9 முட்டையில் 7 கருவுற்றிருக்கிறது, சொன்ன கணக்கு வந்துவிட்டது என்றார். அவர்கள் சொன்ன 'சக்சஸ்' முட்டை கருவுறும் விகிதம்! இக்ஸியில் பொதுவாகவே முதிர்ந்த முட்டைகளில் 50 முதல் 80 சதவீதம் கருவுறும். அதற்குப் பிறகு கரு வளர வேண்டும், ஒட்ட வேண்டும், கருச்சிதைவு ஆகாமல் நிற்க வேண்டும், குழந்தை பிறக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். ஆகவே யாராவது ஒரு சதவீதத்தைச் சொன்னால், அது கருவுறுதலா, ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவா, ஸ்கேனில் இதயத் துடிப்பா, உயிருடன் பிறந்த குழந்தையா என்று கேளுங்கள். எந்த வயதுப் பெண்களின் கணக்கு என்றும் கேளுங்கள். 30 வயதுக்கும் 41 வயதுக்கும் ஒரே எண்ணைச் சொல்பவரை நம்பாதீர்கள்.

அப்புறம் அடுத்த சுற்றுக்கு விந்தணுவைத் தனியாகத் தேர்ந்தெடுக்கும் ஒரு முறையைச் சேர்க்கச் சொன்னார்கள். முட்டையைச் சுற்றி இயல்பாக இருக்கும் ஹயலூரோனன் என்ற பொருளில் ஒட்டும் விந்தணுவாகப் பார்த்து எடுப்பது அது. கூடுதல் கட்டணம் தனி. இந்த முறையை பிரிட்டனில் 2,700க்கும் மேற்பட்ட தம்பதிகளிடம் சோதித்து 2019இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். நிறைமாதக் குழந்தைப் பிறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அந்த மையத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அந்த இடத்தில்தான் நாங்கள் நிறுத்தினோம். வேறு ஒரு டாக்டரிடம் போக முடிவு செய்து ஃபைலைக் கேட்டோம்.

ஃபைல் லேசில் கிடைக்கவில்லை. டாக்டர் ஊரில் இல்லை என்றார்கள், லேப் பதிவுகள் உள் உபயோகத்துக்கு மட்டும் என்றார்கள், ஒரு பக்கச் சுருக்கத்தைக் கொடுத்து இது போதும் என்றார்கள். என்னென்ன வேண்டும் என்று எழுதி, தேதி போட்டு, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிய பிறகுதான் முழுசாக வந்தது.

புதிய டாக்டர் அதை நிதானமாகப் புரட்டி, கருவியல் நிபுணர் எழுதிய தாளில் விரலை வைத்து நிறுத்தினார். முட்டை எடுத்த அன்று என் கணவர் கொடுத்த மாதிரியின் கணக்கு அதில் நீல மையில் இருந்தது. ஒரு மில்லிக்கு 3.8 கோடி. நகர்வு 55 சதவீதம். அதாவது காய்ச்சலின் பாதிப்பு போய், எல்லாம் வரம்புக்கு மேலே வந்துவிட்டது. அதே வரிக்கு நேராக, அதே கையெழுத்தில், "இக்ஸி: எல்லா முட்டைகளுக்கும்" என்று எழுதியிருந்தது. அன்று காலை அந்த எண்ணைப் பார்த்தவர்கள் எங்களைக் கூப்பிட்டு, "சார் ரிப்போர்ட் நல்லா இருக்கு, சாதாரண முறையே போதும்" என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் என் கணவரைக் குறையுள்ளவராகவே நடத்தினார்கள்.

விந்தணு நன்றாக இருக்கும்போது இக்ஸி செய்தால் என்ன, கூடுதல் பாதுகாப்புதானே என்று தோன்றும். எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். 2021இல் லான்செட்டில் வந்த வியட்நாம் ஆய்வில், ஆணின் விந்தணு எண்ணிக்கையும் நகர்வும் இயல்பாக இருந்த 1,064 தம்பதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு இக்ஸியும் மறுபாதிக்குச் சாதாரண ஐவிஎஃப்பும் செய்தார்கள். முதல் கரு மாற்றத்தில் குழந்தை பிறந்தது இக்ஸியில் 35 சதவீதம், மற்றதில் 31. புள்ளியியல்படி அதை வேறுபாடாகக் கொள்ள முடியாது. ஊசி தாண்ட உதவுவது ஒரே ஒரு தடையைத்தான்: விந்தணு முட்டைக்குள் நுழைவது. முட்டையின் தரம், கருவின் குரோமோசோம், கருப்பையில் ஒட்டுவது, இவை எதையும் அது தொடுவதில்லை. ஊசி குத்தும்போது சில முட்டைகள் சேதமாவதும் உண்டு.

இக்ஸியை நான் மோசமான சிகிச்சை என்று சொல்லவே இல்லை. 1992இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகர மருத்துவக் குழு இக்ஸியில் உண்டான முதல் கர்ப்பங்களை அறிவிக்கும் வரை, விந்தணு மிகமிகக் குறைந்த ஆண்களுக்குப் பெரும்பாலும் தானம் பெற்ற விந்தணுதான் வழியாக இருந்தது. எண்ணிக்கை மிகவும் குறைவு, நகர்வே இல்லை, விந்தில் அணுவே இல்லாமல் விரையிலிருந்து எடுக்க வேண்டிய நிலை, முன்பு சாதாரண ஐவிஎஃப்பில் ஒரு முட்டைகூடக் கருவுறாமல் போனது, இப்படிப்பட்டவர்களுக்கு அது வரம். ஆனால் அவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். விந்தணு மிகக் குறைவாக இருந்தால் ஊசிக்கு முன் குரோமோசோம் பரிசோதனையும் ஒய் குரோமோசோமில் விடுபட்ட பகுதி இருக்கிறதா என்ற பரிசோதனையும் செய்ய வேண்டும். அந்த ஒய் குரோமோசோம் குறை ஆண் குழந்தைக்கு அப்படியே போகும். ஜிம்முக்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுபவர்களுக்கு அதனாலேயே விந்தணு நின்றுபோகும். இதையெல்லாம் விசாரிக்காமல், கணவரின் உடம்பைத் தொட்டுப் பரிசோதிக்கக்கூடச் செய்யாமல், நேரே இக்ஸிக்கு எழுதும் இடத்தில் எச்சரிக்கையாக இருங்கள்.

இன்னும் மோசமானது ஒன்று மிச்சம் இருக்கிறது. என் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த புதிய டாக்டர், "இந்த வலது பக்கக் குழாய் நீர் கோத்து வீங்கியிருக்கே, இதை யாரும் உங்ககிட்ட சொல்லலையாம்மா?" என்று கேட்டார். சொல்லவில்லை. அப்படி வீங்கிய குழாயிலிருந்து நீர் கருப்பைக்குள் கசிந்தால் ஐவிஎஃப்பில் கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறையும். கருவை வைக்கும் முன் அந்தக் குழாயை எடுத்துவிடுவதோ அடைத்துவிடுவதோ உலகம் முழுவதும் உள்ள நடைமுறை. என் எக்ஸ்ரே அறிக்கையின் கடைசி வரியில் அது தெளிவாக அச்சாகியிருந்தது. விந்தணு அறிக்கையைப் பிடித்துக்கொண்டு இதைக் கோட்டைவிட்டார்கள். கரு தங்காததற்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் புதிய டாக்டர். ஆனால் இதைச் சரிசெய்யாமல் தான் கரு வைத்திருக்கவே மாட்டேன் என்றும் சொன்னார்.

லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி அறுவைச் சிகிச்சை) மூலம் அந்தக் குழாயை எடுத்தாகிவிட்டது. உறைய வைத்த கருக்களை வேறு மையத்துக்கு மாற்ற, இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் இரண்டு மையங்களிலும் கொடுத்திருக்கிறோம். அவற்றோடு எந்த நாள் உறைய வைத்தது, எந்த முறையில், தரம் என்ன என்ற விவரத் தாளும் வர வேண்டும்; அது இல்லாமல் புதிய லேபில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் இந்தத் தாள்களை அன்றன்றைக்கே வாங்கி வீட்டில் வையுங்கள்: இருவரின் எல்லாப் பரிசோதனை அறிக்கைகளும், எக்ஸ்ரே படமும், ஊசிகளின் அளவு, முட்டை எடுத்த அன்றைய விந்தணுக் கணக்கு, எத்தனை முதிர்ந்தன, எத்தனை கருவுற்றன, ஐந்தாம் நாள் தரம். இக்ஸி என்றால் எதற்காக என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். முட்டை எடுக்கும் நாளில் மாதிரி நன்றாக இருந்தால் சாதாரண முறைக்கு மாற்றுவீர்களா, அல்லது முட்டைகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு முறையும் செய்வீர்களா என்று சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். மயக்க ஊசி போட்டுப் படுத்திருக்கும் நேரத்தில் கேட்க முடியாது.