கேரவனுக்கு லித்தியம் பேட்டரி: மண்டபம் கடலோரப் பயன்பாட்டில் ஒரு மதிப்பீடு

வேனைக் கேரவனாக மாற்றி மண்டபம், அரியமான், தேவிபட்டினம் என இராமநாதபுரக் கடலோரத்தில் இரவு தங்குவோர் பெரும்பாலும் முதலில் யோசிப்பது, வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் டியூபுலர் (ஈய-அமில) பேட்டரியைத்தான். அது விலை குறைவு. ஆனால் 150 ஆம்பியர்-மணி பேட்டரி 50 கிலோவைத் தாண்டும், அடிக்கடி பாதிக்கு மேல் சார்ஜை இறக்கினால் ஆயுள் குறையும், சார்ஜ் ஏறும்போது தீப்பற்றும் ஹைட்ரஜனை வெளிவிடும் என்பதால் ஆள் படுக்கும் இடத்தில் வைக்கத் தக்கதன்று. பேட்டரிக்குப் பதில் பெட்ரோல் ஜெனரேட்டர் என்றால், அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருப்பதால், இரவில் வண்டியை ஒட்டி அதை ஓடவிடவே கூடாது.

எங்கள் வண்டியில் இருப்பது 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. இதில் 1,280 வாட்-மணி மின்சாரம் நிற்கும். 80 சதவீதம் எடுத்தாலும் 1,000 வாட்-மணிக்குச் சற்று மேல் கிடைக்கும். பாதி நேரம் மட்டும் ஓடும் 45 வாட் குளிர்பெட்டி, இரண்டு மின்விசிறிகள், விளக்குகள், கைபேசிகள் ஆகியவற்றுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் இது போதும். குளிர்பெட்டியையும் விசிறியையும் இன்வெர்ட்டர் வழியாக ஓட்டாமல் நேரே 12 வோல்ட்டில் இணைத்தால், மாற்றத்தில் வீணாகும் மின்சாரமும் மிஞ்சும்.

பேட்டரியின் கொள்ளளவைவிட அதை நிரப்பும் வழியே இங்கு முக்கியம். ஓடும் எஞ்சினிலிருந்து சார்ஜ் ஏற்றும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர், இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் போய்ச் சேருவதற்குள் மூன்றில் ஒரு பங்கையாவது நிரப்பிவிடுகிறது. கூரையில் உள்ள 200 வாட் சூரியத் தகடு வெயில் காலத்தில் நன்றாகவே உழைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை மேகத்தில் அதை நம்பியிருக்க முடியாது. தனுஷ்கோடிச் சாலையில் போய் வந்தால் உப்பும் மணலும் தகட்டின்மேல் படிந்துவிடும். நல்ல தண்ணீரில்தான் கழுவ வேண்டும். குடிக்கவே குடத்துக்குக் காசு கொடுக்கும் ஊரில் அதுவும் ஒரு செலவுதான்.

குறை என்று சொன்னால், பேட்டரியுடன் வந்த போல்ட்டுகள் துருப்பிடித்தன, செப்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியது. விற்றவர் இதை உத்தரவாதத்தில் சேர்க்க மறுத்தார். எவர்சில்வர் போல்ட்டு, வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பி, முனைகளுக்குப் பெட்ரோலியம் ஜெல்லி ஆகியவற்றைப் பொருத்தும்போதே கேட்டு வாங்குவது நல்லது. இன்வெர்ட்டரின் விசிறி உப்புக் காற்றை உள்ளிழுக்காதபடி அதைக் கடல் பக்கத்து ஜன்னலுக்கு அருகில் வைக்கக் கூடாது.

ஒரு டன் ஏ.சி.யை இந்தப் பேட்டரி ஏறத்தாழ ஒரு மணி நேரமே தாங்கும். அதற்கும் பெரிய இன்வெர்ட்டர் வேண்டும். ஏ.சி. இல்லாமல் உறங்க முடியாதவர்களுக்கு, பேட்டரியைப் பெருக்குவதைவிட இராமேசுவரத்தில் அறை எடுத்துத் தங்குவது மலிவு.