பிஜி, கோ-லிவிங், வாடகை வீடு: பெங்களூரில் அம்மா வந்தால் எங்கே தங்குவார்?

பெங்களூரில் இந்த மூன்றிலும் இருந்து பார்த்துவிட்டேன். இடம் தேடும் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் கேட்பது வாடகையை அல்ல. ஊரிலிருந்து அம்மா வந்தால் எங்கே படுப்பார்?

பிஜியில், அதாவது பேயிங் கெஸ்ட் விடுதியில், அதற்கு வழியே இல்லை. மூன்று பேருக்கு ஓர் அறை, சாப்பாடு சேர்த்துக் கட்டணம், அட்வான்ஸ் குறைவு. முதல் சம்பளம் வரும்வரை அது போதும்.

கோ-லிவிங் சமாச்சாரம் வேறு. ஒரு நிறுவனம் நடத்தும் கட்டடத்தில் அறை எடுத்து, மற்ற வசதிகளைப் பொதுவாகப் பயன்படுத்துவது அது. எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் எனக்குத் தனி அறை. கட்டில், வைஃபை, துணி துவைக்கும் மெஷின் எல்லாம் உண்டு. மாடிக்கு ஒரு பொதுச் சமையலறை. காய்ச்சலில் படுத்திருந்தபோது பக்கத்து அறை அசாம் பையன் குக்கரில் சாதத்தைக் குழைய வேகவைத்து, உப்பு போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து கொண்டுவந்தான். நிர்வாகம் நடத்திய சனிக்கிழமை விளையாட்டுகளில் அவனிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தச் சமையலறைக்காகவே கோ-லிவிங்கைச் சிபாரிசு செய்வேன்.

ஆனால் அம்மா வந்தபோது இரண்டு இரவுக்கு மேல் கூடாது என்றார்கள்; அதற்கும் தனிக் கட்டணம். அப்புறம்தான் ஒப்பந்தத்தை ஒழுங்காகப் படித்தேன். நான் கையெழுத்திட்டது வாடகை ஒப்பந்தம் அல்ல, லைசென்ஸ். 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, லைசென்ஸ் என்றால் இடத்தைப் பயன்படுத்த அனுமதி மட்டுமே. இடத்தின்மேல் உரிமை எதுவும் வராது. இன்னொன்று: இப்படித் தங்கும் கட்டணம் மாதம் 20,000 ரூபாய்க்குள் இருந்து, தொடர்ந்து 90 நாளாவது தங்கினால்தான் ஜிஎஸ்டி விலக்கு. 2024 ஜூனில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் இதைச் சொன்னது. இரண்டு மாதத்துக்கு மட்டும் போகிறவர்கள் வரியைப் பற்றி முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வாடகை வீட்டில் அட்வான்ஸ்தான் மலைப்பு. 2021 மாதிரி வாடகைச் சட்டம் இரண்டு மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. ஆனால் அது மாநிலங்களுக்கான மாதிரிதான். பெங்களூர் ஓனர்கள் பத்து மாதம் கேட்பது பழைய வழக்கம். காலி செய்யும்போது பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள்.

சரி, நான் என்ன சொல்வேன்? முதல் வருடம் கோ-லிவிங்கில் இருங்கள். கூட இருக்கத் தோதான ஆளை அங்கே பாருங்கள். அந்த அசாம் பையனும் நானும் இப்போது மடிவாளாவில் ஒரே வீட்டில் இருக்கிறோம். வாடகை 20,000, அட்வான்ஸ் ஆளுக்கு ஒரு லட்சம் போட்டோம். போன பொங்கலுக்கு அம்மா வந்து பத்து நாள் இருந்தார்.