இசைத்தட்டு அச்சாகவே இல்லை: முன்பதிவு செய்த 164 பேருக்கும், வினைல் போட எண்ணும் இசைக்குழுக்களுக்கும்

எங்கள் முதல் ஆல்பத்தின் வினைல் இசைத்தட்டுக்காகப் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கும் 164 பேருக்கும் முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அந்த இசைத்தட்டு அச்சாகவில்லை, அதற்காக நாங்கள் நம்பிய இடைத்தரகர் மூலம் இனியும் வராது. வெளிநாட்டு ஆலையில் அச்சிட்டுத் தருவதாகச் சொன்ன இடைத்தரகர் எங்களிடமிருந்து 3,04,000 ரூபாயை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார். ஐயத்துக்கு இடமில்லாமல் இது எங்களுக்குத் தெரிந்தது கடந்த செவ்வாய்க்கிழமைதான். ஆத்திரம் தணிந்த பிறகு எழுதலாம் என்று நான்கு நாள் பொறுத்துப் பார்த்தேன். அது தணிவதாக இல்லை. உங்கள் பணம் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் திரும்பி வரும், அந்த விவரம் கடைசியில் இருக்கிறது.

சென்னையில் சொந்தமாகப் பாட்டெழுதி, சொந்தக் காசில் பதிவு செய்து வெளியிடும் ஒரு சிறு குழு இசைத்தட்டுக்கு ஆசைப்பட்டது ஏன் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எட்டுப் பாடல்கள், மொத்தம் 36 நிமிடம். பெரிய ஸ்ட்ரீமிங் தளம் ஒன்றில் 2024 முதல் ஓராண்டுக்குள் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்கு உரிமத்தொகையே கிடையாது. எங்கள் எட்டில் மூன்று பாடல்கள் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கின்றன. 12 அங்குலத் தட்டில் பக்கத்துக்கு ஏறத்தாழ 20 நிமிடம் நன்றாகக் கொள்ளும் என்பதால், பக்கத்துக்கு நான்கு பாடலாக 18 நிமிடம் அளவெடுத்தாற்போல் அமைந்தது. மேலும், எங்களில் கீபோர்டு வாசிப்பவரின் அப்பா மூர் மார்க்கெட்டில் பொறுக்கிச் சேர்த்த தட்டுகளைக் கேட்டுத்தான் நாங்கள் நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து இசை கேட்கவே கற்றுக்கொண்டோம். எங்கள் குரலையும் அதே ஊசியின் கீழ் கேட்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

அந்த இடைத்தரகர் சமூக வலைத்தளப் பக்கம் ஒன்றின் மூலம் அறிமுகமானார். பெங்களூரில் அலுவலகம், ஐரோப்பாவில் ஆலையோடு ஒப்பந்தம், சிறிய குழுக்களுக்கு 300 தட்டு முதல் அச்சிட்டுத் தருவோம் என்பது அவருடைய விளம்பரம். 300 தட்டுக்கும் உறைக்கும் சுங்கத்துக்கும் சேர்த்து 3,80,000 ரூபாய் என்று விலை சொன்னார். பாதியை முன்பணமாகவும், மொத்தமாக அச்சிடும் முன் மாதிரியாகத் தரும் சோதனைத் தட்டைக் கேட்டு நாங்கள் ஒப்புதல் தந்த பிறகு 1,14,000 ரூபாயும், மீதி 76,000 ரூபாயைச் சரக்கு கைக்கு வந்த பிறகும் தந்தால் போதும் என்றார். கடைசித் தவணையைச் சரக்கு வந்த பிறகு கேட்பவர் ஏமாற்றுக்காரராக இருக்க மாட்டார் என்று நினைத்தோம். உங்கள் முன்பதிவில், ஆளுக்கு 1,800 ரூபாய் வீதம், 2,95,200 ரூபாய் சேர்ந்திருந்தது. 2024 அக்டோபரில் அதிலிருந்து 1,90,000 ரூபாயை அனுப்பினோம்.

டிசம்பர் 7, சனிக்கிழமை. அந்த நாளைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அவர் வடபழனியில் உள்ள எங்கள் ஒத்திகை அறைக்கு நேரிலேயே வந்தார். ஐம்பது வயதிருக்கும், தும்பைப்பூப் போன்ற வெள்ளைச் சட்டை, கையில் துணியில் சுற்றிய ஒரு தட்டு. "கேளுங்க தம்பி, உங்க புள்ள பேசுது" என்று சொல்லி, எங்கள் இசைத்தட்டுப் பெட்டியில் தானே வைத்து, ஊசியைத் தானே இறக்கினார். இரண்டு விநாடி மெல்லிய பொரியும் ஓசை. பிறகு என் கிதார், அதன் மேல் என் குரல். டிரம்ஸ் வாசிப்பவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, உள்ளுறையின் அச்சு மாதிரியையும் விரித்தார். உங்கள் 164 பேரின் பெயர்களையும் அதில் அச்சிடுவதாகச் சொல்லியிருந்தோம் அல்லவா, அந்தப் பக்கம்தான். வரிசையாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, "இங்க ஒத்து விட்டுப்போச்சு பாருங்க, அவங்க மனசு கஷ்டப்படும்" என்று பேனாவை எடுத்து 'ற்' மேல் புள்ளியை வைத்தார். நாங்கள் நான்கு பேர் மூன்று முறை படித்தும் கண்ணில் படாத பிழை அது. யாரோ ஒரு ரசிகரின் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனதற்கு இவ்வளவு அக்கறைப்படும் மனிதரை எப்படிச் சந்தேகிப்பது? அன்றிரவே 1,14,000 ரூபாயை அனுப்பினோம். முன்பதிவுப் பணத்தில் குறைந்த 8,800 ரூபாயை நாங்கள் நால்வரும் பங்கிட்டுப் போட்டோம். ஆக மொத்தம் 3,04,000 ரூபாய்.

பிப்ரவரிக் கடைசியில் தட்டுகள் வர வேண்டும். பிப்ரவரியில் கேட்டபோது, அச்சுத் தகட்டுக்கு நிக்கல் முலாம் பூசும் இடத்தில் கூட்டம் என்றார். மார்ச்சில் ஆலைக்கு விடுமுறை என்றார். ஏப்ரலில், கப்பலுக்குக் காத்திருக்காமல் விமானத்தில் அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு சரக்குச் சீட்டு எண்ணையும் அனுப்பினார். அதன் பிறகு ஆறு வாரம் "கஸ்டம்ஸ்ல நிக்குது தம்பி, வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்துடலாம்" என்ற ஒரே பதில். மே மாதத்தில் ஒரு பெண் தொலைபேசியை எடுத்து, இடைத்தரகரின் தாயார் மருத்துவமனையில் இருப்பதாகச் சொன்னார். அந்த நேரத்தில் தட்டைப் பற்றிக் கேட்டதற்காக நான் மன்னிப்புக் கேட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. ஜூன் முதல் வாரத்திலிருந்து எங்கள் செய்திகளுக்கு ஒற்றை டிக் மட்டுமே விழுகிறது. பேஸ் கிதார் வாசிப்பவர் இரவுப் பேருந்து பிடித்துப் பெங்களூரில் இடைத்தரகர் சொன்ன அலுவலகத்துக்குப் போனார். பல நிறுவனங்கள் மேசை வாடகைக்கு எடுக்கும் ஒரு பொது அலுவலகம் அது. அந்த மேசையை ஜனவரியிலேயே காலி செய்துவிட்டதாக வரவேற்பில் சொன்னார்கள்.

இதற்குப் பிறகும் எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. சோதனைத் தட்டை என் காதாலேயே கேட்டேனே, ஆலை என்று ஒன்று இல்லாமல் அது எப்படி வந்திருக்கும் என்று எண்ணினேன். செவ்வாய்க்கிழமை அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு, நாற்பது ஆண்டுகளாக இசைத்தட்டு சேகரித்துவரும் பெரியவர் ஒருவரிடம் போனோம். அவர் அதை இயக்கக்கூட இல்லை. மேசை விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்தார். கடைசித் தடத்துக்கும் நடுவிலுள்ள காகிதச் சிட்டைக்கும் (லேபிள்) இடையே வழவழப்பாக ஒரு வளையம் இருக்கும். ஆலையில் அச்சான தட்டாக இருந்தால் வழக்கமாக அங்கே பொறித்த எண் ஒன்று இருக்கும். எங்கள் தட்டில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. பிறகு சிட்டையின் ஓரத்தில் நகத்தை வைத்து நெம்பினார், அது பள்ளிக்கூட நோட்டில் ஒட்டிய பெயர்ச்சீட்டைப் போல உரிந்து வந்தது. பக்கத்தில், கொல்கத்தாவின் டம்டம் ஆலையில் அச்சான பழைய எச்.எம்.வி. தட்டு ஒன்றை எடுத்து வைத்து, "இதை உரிச்சுக் காட்டுங்க பார்ப்போம்" என்றார். நகம் வழுக்கியது. சூடான பி.வி.சி.யை அழுத்தும்போதே காகிதச் சிட்டையும் சேர்ந்து அழுந்தி ஒன்றாகிவிடுவதால், அச்சான தட்டில் பசைக்கு வேலையில்லை.

எங்களிடம் காட்டப்பட்டது ஒவ்வொரு தட்டாக நேரடியாகத் தடம் வெட்டும் ஒரு சிறு இயந்திரத்தில் செய்த ஒற்றைப் பிரதி. எங்கள் ஒலிக்கோப்பும் அந்த இயந்திரமும் இருந்தால், பாட்டு ஓடும் நேரத்திலேயே ஒரு தட்டை வெட்டி எடுத்துவிடலாம். உண்மையான சோதனைத் தட்டு என்பது வேறு: முதலில் தடம் வெட்டி, அதன் மேல் வெள்ளி தெளித்து, நிக்கல் ஏற்றி, அச்சுத் தகடு செய்து, அந்தத் தகட்டை வைத்து ஆலையில் அழுத்தும் முதல் சில தட்டுகள். ஆலையில் தகடு தயாராக இருக்கிறது என்பதற்கு அதுதான் சான்று. எங்களுக்கு வந்த தட்டு, எங்கள் ஒலிக்கோப்பு அவர் கையில் இருக்கிறது என்பதைத் தவிர வேறு எதையும் மெய்ப்பிக்கவில்லை. நாங்கள் கண்கலங்கிக் கேட்டது அதைத்தான்.

சரக்குச் சீட்டு எண்ணையும் அன்றே, மீனம்பாக்கத்தில் சரக்குப் பிரிவில் வேலை செய்யும் நண்பரிடம் காட்டினோம். பார்த்தவுடனே பொய் என்றார். விமானச் சரக்குச் சீட்டு எண்ணில் 11 இலக்கங்கள்; முதல் மூன்று விமான நிறுவனத்தைக் குறிக்கும், அடுத்த ஏழு வரிசை எண், கடைசி இலக்கம் அந்த ஏழிலக்க எண்ணை 7-ஆல் வகுத்தால் வரும் மீதி. ஆகவே கடைசி இலக்கம் 0 முதல் 6 வரை மட்டுமே இருக்க முடியும். எங்களுக்குக் கொடுத்த எண் 8-இல் முடிகிறது. ஆறு வாரம் அந்த எண்ணை வைத்துக்கொண்டு நாங்கள் வெள்ளிக்கிழமைகளை எண்ணியிருக்கிறோம்.

காவல் நிலையத்தில், இது கொடுக்கல் வாங்கல் தகராறு, நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றார்கள். வங்கி, நீங்களே விரும்பி அனுப்பிய பணம் என்று கையை விரித்துவிட்டது. 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்துவிட்டோம். ஆனால் பணம் போன சில மணி நேரத்துக்குள் அழைத்தால்தான் அதை வழியிலேயே நிறுத்தி வைக்க ஓரளவு வாய்ப்பு உண்டு, எங்களுக்கு ஆறு மாதம் கடந்துவிட்டது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றால், விற்பதற்காக அச்சிடக் கொடுத்ததால் இது வணிக நோக்கம் என்று எதிர்த்தரப்பு வாதிட இடமிருக்கிறது என வழக்கறிஞர் எச்சரிக்கிறார். எழுத்துப்பூர்வமான புகாரை மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தில் திங்கள்கிழமை கொடுக்கிறோம். 3,04,000 ரூபாயை எளிதில் விட்டுவிடப் போவதில்லை.

மற்றக் குழுக்களுக்கு விரிவாக எழுத வேண்டும் என்றுதான் தொடங்கினேன், இப்போது முடியவில்லை. சோதனைத் தட்டு வந்தால் முதலில் சிட்டையை நகத்தால் நெம்பிப் பாருங்கள், வளையத்தில் எண் இருக்கிறதா என்று பாருங்கள், ஒரே ஒரு தட்டு மட்டும் கொண்டுவந்தால் ஏன் என்று கேளுங்கள். ஆலையின் பெயரைக் கேட்டு வாங்கி, அந்த ஆலைக்கே நேரடியாக எழுதி உங்கள் பெயரில் ஆர்டர் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். "அது எங்கள் தொழில் ரகசியம்" என்று எங்களிடம் சொன்னார், நாங்களும் தலையாட்டினோம். நிறுவனத்தின் பெயரில் விலைப்பட்டியல் கொடுத்துவிட்டுத் தனிநபரின் சேமிப்புக் கணக்கில் பணம் போடச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எங்கள் ஆல்பத்தின் ஒலிக்கோப்பு முழுவதும் இன்னும் அந்த ஆளிடம் இருக்கிறது, ஆகவே எங்கள் பெயரில் யாராவது வினைல் விற்க வந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

இனி உங்கள் பணம். முன்பதிவு செய்த வரிசைப்படி முதல் 60 பேருக்கு, 1,08,000 ரூபாயை, குழுவின் சேமிப்பிலிருந்து இந்த மாத இறுதிக்குள் அனுப்பிவிடுவோம். மீதி 104 பேருக்கான 1,87,200 ரூபாயைச் செப்டம்பருக்குள் தவணைகளாகத் தருகிறோம். அதற்காக ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் என் இரண்டாவது கிதாரையும் விற்பனைக்குப் போட்டாகிவிட்டது. பணம் வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்று சிலர் ஏற்கெனவே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அன்பு புரிகிறது, ஆனால் நாங்கள் கொடுப்பதாகச் சொன்ன பொருளைக் கொடுக்கவில்லை, ஆகவே அனைவருக்கும் அனுப்புவோம். நீங்கள் பணம் கட்டிய அதே கணக்குக்குத்தான் அது திரும்பி வரும். எந்த எண்ணையும் எங்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. திருப்பித் தருகிறோம் என்று எங்கள் பெயரைச் சொல்லி யாராவது அழைத்து ஓ.டி.பி. கேட்டாலோ இணைப்பை அழுத்தச் சொன்னாலோ, அது நாங்கள் இல்லை.