“கொதிக்க வெச்சுதானே குடுத்தோம்” என்றால் நம்பாதீர்கள்

ஆட்டுக்கால் சூப் பார்சல் வாங்குகிறவர்கள் கவனிக்கவும். சாலையோரக் கடை ஒன்றில் இரவு எட்டு மணிக்கு ஆவி பறக்க ஊற்றிக் கொடுத்த சூப், வீட்டில் பிரித்தபோது மிளகு வாசனைக்கு அடியில் புளித்த வாடை அடித்தது. கரண்டியில் எடுத்தால் நூல் விட்டது. எலுமிச்சையோ தக்காளியோ சேர்க்காத சூப் அது, புளிக்க வேறு காரணமில்லை. திருப்பிக் கொண்டுபோய்க் கேட்டதற்கு, “நேத்து மிஞ்சினதுதான், ஆனா நல்லா கொதிக்க வெச்சுதானே குடுத்தோம்” என்று பதில். பணமும் திரும்பவில்லை.

அந்தப் பதில் தவறு. சூப்பில் வளரும் சில கிருமிகளின் விதைத்துகள்கள் கொதிநிலையிலும் சாவதில்லை. சூப் மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகும். 40 டிகிரியை ஒட்டிய இளஞ்சூட்டில் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற கிருமி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். மறுநாள் கொதிக்க வைத்தால் வளர்ந்த கிருமிகள் செத்துப்போகும், உண்மைதான். ஆனால் பேசில்லஸ் சீரியஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிருமிகள் அதற்குள் விட்டுச்சென்ற நஞ்சு கொதியிலும் அழியாது. குடித்த அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வருவது பெரும்பாலும் அதனால்தான்.

குற்றம் ஆறவிடும் முறையில் இருக்கிறது. பெரிய அண்டாவை மூடி அப்படியே இரவு முழுக்க வைத்தால் நடுப்பகுதி விடியும்வரை வெதுவெதுப்பாகவே கிடக்கும். மேலே உறையும் கொழுப்பும் சூட்டை அடைத்துவைக்கும். செய்ய வேண்டியது: எலும்பை வடித்தெடுத்து, சூப்பை இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் அகலப் பாத்திரங்களில் பிரித்து, ஐஸ் போட்ட தண்ணீரில் அவற்றை இறக்கிவைத்துக் கிளற வேண்டும். 60 டிகிரியிலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கவேண்டும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5க்கு. நம் ஊர் வெயிலில், வெளியே 32 டிகிரிக்கு மேல் இருந்தால், ஒரு மணி நேரத்துக்கு மேல் அடுக்களை மேடையில் விடவே கூடாது. ஃபிரிட்ஜில் மூன்று, நான்கு நாள். அதற்கு மேல் வேண்டுமென்றால் முதல் நாளே ஃபிரீசரில் வையுங்கள். எடுத்தால் தேவையான அளவு மட்டும் தளதளவெனக் கொதிக்கவிட்டுக் குடியுங்கள், மிஞ்சியதை மறுபடி உள்ளே வைக்காதீர்கள்.

ஃபிரிட்ஜில் ஆட்டுக்கால் சூப் அல்வா மாதிரி உறைந்திருந்தால் பயப்படாதீர்கள், அது எலும்பின் ஜெலட்டின். ஆறின சூப்பில் தானாக நுரை எழுந்தாலோ, டப்பா மூடி உப்பினாலோ, வழவழப்பு தட்டினாலோ சுவைத்துப் பார்க்காமல் கொட்டுங்கள். வாடை இல்லாததும் சான்றல்ல. பெர்ஃபிரிஞ்சன்ஸ் பெருகிய சூப் மணத்திலும் ருசியிலும் நன்றாகவே இருக்கும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இன்று போட்ட எலும்பா? மழுப்பினால் வாங்காதீர்கள். குடித்தபின் வயிறு கெட்டால் மிச்சத்தைக் கொட்டிவிடாமல் மூடி ஃபிரிட்ஜில் தனியாக வைத்து, ரசீதோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.