பிரேக் சூட்டைக் குறைக்க வீட்டிலேயே செய்வது: டஸ்ட் ஷீல்டைக் கழற்றுவதா, டிஃப்ளெக்டரா, ஹோஸ் டக்டா?

பிரேக் சூடாகிறது என்றதும் பலரும் பம்பரில் எங்கே ஓட்டை போடலாம் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் பெடலைக் கவனியுங்கள். மிதித்தால் கெட்டியாக நிற்கிறது, ஆனால் வண்டி நிற்க மாட்டேன் என்கிறது என்றால் சூடு தாங்காமல் போனது பேட், அதாவது டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை. பெடல் தொளதொளவென்று அடிவரை இறங்கினால் கொதித்தது பிரேக் ஆயில். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடுகிறது. மாற்றி வருஷக்கணக்கான ஆயிலை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே டக்ட் (காற்றைக் கொண்டுவரும் குழாய்) கட்டுவதில் அர்த்தமே இல்லை. ஆயிலை மாற்றி, ஓட்டும் விதத்துக்கு ஏற்ற பேட் போட்டு, அப்படியும் பிரச்சினை தொடர்ந்தால் காற்றுக்கு வரலாம்.

காற்றால் என்ன முடியும், என்ன முடியாது என்பதற்கு ஒரு கணக்கு. 1200 கிலோ கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 460 கிலோஜூல் வெப்பமாகிறது. அதில் ஏறக்குறைய 70 சதவீதம் முன் பிரேக்குகளுக்குப் போகிறது என்று வைத்தால், 7 கிலோ எடையுள்ள ஒவ்வொரு முன் டிஸ்க்கும் ஒரே நிறுத்தத்தில் 50 டிகிரி ஏறும். அந்தச் சில விநாடிகளில் எந்த டக்டும் பெரிதாக எதையும் செய்துவிடாது. அடுத்த தடவை பிரேக் பிடிப்பதற்குள் எவ்வளவு இறங்குகிறது என்பதில்தான் அதன் வேலை இருக்கிறது. ரேஸ் டிராக்கில் சுற்றுக்குச் சுற்று சூடு ஏறிக்கொண்டே போகிறவர்களுக்கு இது பலன் தரும். மலை இறக்கத்தில் சூடாகிறது என்றால் முதல் மருந்து கியரைக் குறைப்பது.

இன்னொரு விஷயம், மூன்று வழிகளுக்கும் இதுவே உரைகல். வென்டிலேட்டட் டிஸ்க், அதாவது நடுவில் காற்று போக இடைவெளி விட்ட இரட்டைத் தட்டு டிஸ்க், தானே ஒரு பம்ப். சுழலும்போது ஹப்புக்குப் பக்கத்திலிருக்கும் நடுவளையத்தில் காற்றை உறிஞ்சி, உள்ளிருக்கும் தகடுகள் வழியாக வெளிவிளிம்பில் தள்ளுகிறது. அந்த நடுவளைய வாய்க்குள் காற்றைக் கொடுத்தால் இரண்டு முகமும் சேர்ந்து குளிரும். உள்பக்க முகத்தில் மட்டும் ஊதினால் ஒரு பக்கம் ஆறி மறுபக்கம் கொதிக்கும். டிஸ்க் கூம்பு மாதிரி வளையலாம், நாளடைவில் விரிசலும் விடலாம். பெரும்பாலான டிஸ்க்குகளில் வாய் உள்பக்கம் இருக்கும், சிலவற்றில் வீல் பக்கம். டிஸ்க்கைக் கழற்றிக் கையில் எடுத்து, நடு ஓரத்தில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், இடைவெளி எந்தப் பக்கம் திறக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் தகரத்தை வெட்டாதீர்கள்.

டஸ்ட் ஷீல்டை, அதாவது டிஸ்க்கின் உள்பக்கத்தை மறைக்கும் தகட்டைக் கழற்றுவது பலரும் செய்வது, ஏனென்றால் செலவே இல்லை. எனக்குப் பிடிக்காததும் அதுதான். அந்தத் தகடு தூசியை மட்டும் தடுக்கவில்லை. டிஸ்க்கின் சூடு நேரடியாக பால் ஜாயின்ட் ரப்பர், டை ராட் ரப்பர், ஏபிஎஸ் சென்சார் வயர் மேல் அடிக்காமலும் தடுக்கிறது. அதை எடுத்துவிட்டுக் காற்றை அங்கே கொண்டு வர எதுவும் செய்யவில்லை என்றால் கிடைப்பது கொஞ்சம், இழப்பது அதிகம்.

டிஃப்ளெக்டர் வேறு ரகம். லோயர் ஆர்மில் (வீலைத் தாங்கும் சஸ்பென்ஷனின் கீழ்க்கை) பொருத்தும் வளைந்த தகடு. வண்டிக்கு அடியில் ஓடும் காற்றைப் பிடித்து டிஸ்க் பக்கம் திருப்பிவிடும். போர்ஷே 911 ஜிடி3யில் வரும் டிஃப்ளெக்டரை வேறு கார்களில் மாட்டிக்கொள்கிறவர்கள் ஏராளம். மெல்லிய பிளாஸ்டிக்கிலோ அலுமினியத்திலோ நாமே செய்துகொள்ளலாம். பம்பரை வெட்ட வேண்டாம், ஹோஸ் கிழியாது, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினாலும் பெரும்பாலும் எதிலும் உரசாது. வென்ட் இல்லாத ஒற்றைத் தட்டு டிஸ்க்குக்கு இதுவே போதும். குறை என்னவென்றால் காற்று பொதுவாக டிஸ்க் இருக்கும் திசையில் போகிறதே தவிர, அந்த நடுவாய்க்குள் குறிபார்த்துப் போவதில்லை. தினமும் சாலையில் ஓட்டி, எப்போதாவது டிராக்குக்குப் போகிற வண்டிக்கு நான் சொல்வது இதைத்தான்.

அடிக்கடி டிராக்கில் ஓடும் வண்டிக்கு ஹோஸ் டக்டுக்கு ஈடில்லை, ஆனால் ஒழுங்காகச் செய்தால் மட்டும். பம்பரின் முன்முகத்தில், காற்றழுத்தம் அதிகமுள்ள இடத்தில் வாய் வைக்க வேண்டும். ஃபாக் லைட் இடம் பல கார்களில் கச்சிதமாக அமையும். 3 அங்குல ஹோஸின் குறுக்குப் பரப்பு 2 அங்குலத்தைப் போல 2.25 மடங்கு, அதனால் எல்லாருக்கும் 3 மேல்தான் ஆசை. டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் அது நுழையாத வண்டிகளே அதிகம். நசுங்கிப் போன 3 அங்குலத்தைவிட வளைவு குறைவாக நேராகப் போகும் 2.5 அங்குலம் நல்லது. கம்பிச் சுருள் வைத்த, சிலிகான் பூசிய கண்ணாடியிழை ஹோஸ்தான் அந்தச் சூட்டுக்குத் தாங்கும். துணி உலர்த்தும் இயந்திரத்தின் அலுமினியக் குழாய் ஸ்டியரிங் திரும்பத் திரும்பக் கிழிந்துவிடும்.

மறுமுனையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஹோஸை லோயர் ஆர்மில் கேபிள் டையால் கட்டி டிஸ்க்கைப் பார்த்து விட்டுவிட்டால், அவ்வளவு வேலையும் செய்து டிஃப்ளெக்டர் தருவதைத்தான் பெறுவீர்கள். உபரியாக ஒரு ஜோடி டஸ்ட் ஷீல்டு வாங்கி, நடுவாய்க்கு நேராக ஓட்டை போட்டு, தட்டையாக்கிய குழாய்த் துண்டு ஒன்றை அதில் பற்றவைத்து, ஹோஸை அதில் கிளாம்ப் போட்டு இறுக்குவது நான் பார்த்ததில் சிறந்த வழி. ஷீல்டு தன் வேலையைத் தொடர்ந்து செய்யும், காற்றும் சேர வேண்டிய இடத்துக்குச் சேரும், வேண்டாம் என்றால் பழையதை மாட்டிக்கொள்ளலாம். அப்புறம் வண்டியைத் தூக்கி, சஸ்பென்ஷனை முழுக்கத் தொங்கவிட்டும் முழுக்க அழுத்தியும், இரண்டு நிலையிலும் ஸ்டியரிங்கை இருபக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். ஹோஸ் டயரைத் தொடக்கூடாது, பிரேக் குழாயைத் தள்ளக்கூடாது. மழையிலும் குளிரிலும் சாலையில் ஓட்டும்போது வாயை மூடி வையுங்கள், டிராக் பேட் சூடு ஏறாமல் கடிக்காது.

தண்ணீர் தெளிக்கும் யோசனையும் அவ்வப்போது வருகிறது. ட்ரக் ரேஸில் அது உண்டு, அதற்கென்றே வடிவமைத்த அமைப்பு அது. 1982 பிரேசில் ஃபார்முலா 1 பந்தயத்தில் தகுதி நீக்கம் செய்யப்பட்ட ஓட்டுநர்கள் பிக்கே, ராஸ்பெர்க் ஆகியோரின் கார்களில் "பிரேக் குளிர்விக்க" என்று வைத்த தண்ணீர், உண்மையில் குறைந்தபட்ச எடை விதியைச் சமாளிக்கத்தான். வீட்டில் செய்தால் கொதிக்கும் வார்ப்பிரும்பில் தண்ணீர் பட்டு விரிசல் விடலாம். இதைத் தொடவே வேண்டாம்.

எதைச் செய்தாலும் முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். டிஸ்க்கின் வெளிவிளிம்பில் பூசும் வெப்பப் பெயின்டில் பச்சை சுமார் 430 டிகிரியிலும், ஆரஞ்சு 560லும், சிவப்பு 610லும் நிறம் மாறும். டக்ட் போட்டபின் அதே டிராக்கில் அதே வேகத்தில் ஓட்டியும் சிவப்பு மாறுகிறது என்றால் ஹோஸைப் பெரிதாக்கிப் பயனில்லை, அந்த வண்டிக்குப் பெரிய டிஸ்க் வேண்டும்.